அறுவடை இல்லாதவர்களின் அறுவடைத் திருநாள்

பொங்கலுக்கு முந்தின வாரம் வேலூர் மாவட்டத்து ரேஷன் கடைகளில் ஒரே பரபரப்பாக இருக்கும். டோக்கனில் போட்ட நேரத்துக்கு வந்தவர், வராதவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு ஒன்று. ஆட்சியாளரின் மனமும் தேர்தல் நெருக்கமும் கூடிவரும் ஆண்டுகளில் ரொக்கமும் உண்டு. 2021இல் 2500 ரூபாய் கிடைத்தது, 2025இல் ஒன்றுமில்லை. பள்ளிகொண்டாவில் அந்த வரிசையில் நிற்கும் பெண்களில் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டியவர்களும் இருப்பார்கள். அட்டைக்கு ஒரு கரும்புதான். பானைக்கு இரண்டு பக்கமும் சாத்தி வைக்க இரண்டு வேண்டும் என்பதால் நடுவில் ஒடித்துச் சரிக்கட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கரும்பையும் அரிசியையும் விளைவித்தவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் பகுதியில் விவசாயத்தை விட்டு வெளியேறியவர்கள் ஏராளம். நிலமே இல்லாதிருந்த குடும்பங்கள் அதைவிட அதிகம். உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் இந்த ஊர் பாலாற்றங்கரை ஊர்தான். ஆனால் அந்த ஆற்றைப் பற்றி நாடறிந்த ஆவணம் தலபுராணம் அன்று; 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு. தோல் ஷாப்புகளின் கழிவு நீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்பட்டது இந்த வழக்கில். சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இங்கே 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, இழப்பீட்டை வழங்கவும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆக, விளைச்சல் போன மண்ணில் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் விழா நடக்கிறது. இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடலாம், தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகப் படுகிறது. அறுவடை இல்லாத மக்கள் அறுவடைத் திருநாள் எடுப்பது நம் ஊர் விசித்திரம் மட்டுமல்ல. இருபதாம் நூற்றாண்டில் அதைத் திட்டமிட்டே செய்த ஒரு சமூகம் உண்டு. அவர்களுக்குள் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டு வந்தால் நம் சண்டை கொஞ்சம் தெளிவாகும்.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் காவல்துறைக் கெடுபிடிக்கு எதிராகக் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆறு நாட்களில் 34 பேர் இறந்தார்கள். அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் அங்கே இயங்கிய இளைஞர்களில் ஒருவர் ரான் எவரெட். பின்னாளில் மௌலானா கரெங்கா என்று பெயர் மாற்றிக்கொண்டவர். (மௌலானா என்றதும் ஆம்பூர்க்காரர்கள் வேறு மாதிரி நினைக்கக்கூடும். அவர் ஆலிம் அல்லர். அரபியிலிருந்து சுவாஹிலிக்குப் போன அந்தச் சொல்லை ஆசான் என்ற பொருளில் வைத்துக்கொண்டார்.) பறிக்கப்பட்ட மொழியும் பெயரும் சடங்கும் திரும்பி வராமல் அரசியல் விடுதலை நிலைக்காது என்பது அவர் கட்சி. 1966 டிசம்பர் 26 தொடங்கி 1967 ஜனவரி 1 வரை ஏழு நாட்கள் அவரும் தோழர்களும் குவான்சா என்ற விழாவை முதன்முதலாக நடத்தினார்கள். தென்னாப்பிரிக்க ஜூலு மக்களும் சுவாசி மக்களும் எடுக்கும் முதற்பலன் விழாக்கள் அதற்கு மாதிரி. பெயர், சுவாஹிலியில் முதற்பலனைக் குறிக்கும் தொடரிலிருந்து வந்தது.

விழாவின் அமைப்பு மிகவும் எளிது. ஒரு பாய் விரிக்கிறார்கள். அதன்மேல் பழங்கள், காய்கறிகள், வீட்டுப் பிள்ளைகளைக் குறிக்கும் மக்காச்சோளக் கதிர்கள், எல்லோரும் பங்கிட்டுக் குடிக்க ஒரு கோப்பை. ஏழு மெழுகுவர்த்திகளைத் தாங்கும் தண்டு: நடுவில் கறுப்பு, ஒரு பக்கம் மூன்று சிவப்பு, மறு பக்கம் மூன்று பச்சை. நாளுக்கு ஒன்றாக ஏற்றி அன்றைய கோட்பாட்டைப் பற்றி வீட்டிலேயே பேசுவார்கள். ஒற்றுமை, தன்னைத் தானே தீர்மானித்தல், கூட்டுப் பொறுப்பு, கூட்டுறவுப் பொருளாதாரம், நோக்கம், படைப்பாற்றல், நம்பிக்கை என்று ஏழு கோட்பாடுகள். டிசம்பர் 31 இரவு விருந்து. கோயில் வேண்டாம், பூசாரி வேண்டாம். பெரியவர் ஒருவரும் பிள்ளைகளும் இருந்தால் போதும்.

இத்தனை எளிய விழாவுக்கு எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேற்கு, நடு ஆப்பிரிக்கர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கிழக்குக் கரையின் சுவாஹிலி எதற்கு என்று வரலாறு தெரிந்தவர்கள் கேட்டார்கள். எந்த ஓர் இனக்குழுவுக்கும் சொந்தமாகாமல் பலரும் பேசும் மொழி என்பதால் எடுத்தோம் என்பது பதில். கறுப்பினத் திருச்சபைகளுக்கோ ஆழமான மனத்தாங்கல். ஏசு பிறப்பை ஒதுக்கிவிட்டு மறுநாளே இன்னொரு விழாவா என்று கேட்டார்கள். தொடக்கத்தில் கரெங்கா கிறிஸ்துமஸை வெள்ளையர் விழா என்றே பேசினார். பிற்பாடு இறங்கி வந்து, குவான்சா யாருடைய மதத்துக்கும் மாற்று இல்லை, பண்பாட்டு விழா மட்டுமே என்றார். இப்போது பல வீடுகளில் இரண்டும் நடக்கின்றன.

இன்னும் கசப்பான எதிர்ப்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. உடையும் பெயரும் விழாவும் மாறினால் வயிறு நிறையுமா, போலீஸ் லத்தி தாழுமா என்று அதே கறுப்பின இயக்கத்தின் கருஞ்சிறுத்தைக் கட்சியினர், கரெங்கா போன்ற பண்பாட்டுத் தேசியவாதிகளைக் கேலி செய்தார்கள். கேலி கேலியாக நிற்கவில்லை. 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இரு தரப்புக்கும் மூண்ட மோதலில் கருஞ்சிறுத்தைகள் இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். 1971இல் கரெங்கா, தம் அமைப்பைச் சேர்ந்த பெண்கள் இருவரைத் துன்புறுத்திய வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். குவான்சாவை ஏற்காதவர்கள் இன்றும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். விழாவை ஏற்றவர்களோ, உருவாக்கியவரை விட்டுவிட்டு விழாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கரெங்கா பின்னர் கலிஃபோர்னியாவில் பேராசிரியர் ஆனார். 1997இல் அமெரிக்க அஞ்சல் துறை குவான்சாவுக்குத் தபால்தலை வெளியிட்டது. எதிர்ப்பாகப் பிறந்த விழாவுக்கு அரசே முத்திரை குத்தியதை வெற்றி என்றும் சொன்னார்கள், விலைபோனது என்றும் சொன்னார்கள்.

இவற்றையெல்லாம் படிக்கும் தமிழ் வாசகருக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும்.

பொங்கல் குவான்சாவைப் போல ஒரே நாளில் ஒருவர் எழுதி வைத்த விழா அன்று. ஆனால் ‘தமிழர் திருநாள்’ என்ற பொங்கல் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கம்தான். சைவப் புலவர்கள் ஒரு பக்கமும் சுயமரியாதைக்காரர்கள் இன்னொரு பக்கமும், ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாமலேயே, இதைச் சேர்ந்து செய்தார்கள். 1930களில் மறைமலையடிகள் முதலிய தமிழறிஞர்கள் திருவள்ளுவர் பிறந்தது கி.மு. 31 என்று கொண்டு ஆண்டுக் கணக்கு வகுத்தார்கள். பெரியார் தீபாவளியைத் தூக்கியெறிந்தார். பொங்கலை மட்டும், போகி, சங்கராந்தி என்ற புராண ஒட்டுகளைக் கழித்துவிட்டு, உழைப்பின் விழா என்று ஏற்றார். எல்லாப் பண்டிகையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொண்டர்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நான் கருதுகிறேன். அண்ணாவின் ‘திராவிட நாடு’ இதழும் பொங்கல் மலர் போட்டது. வாழ்த்து அட்டை, பட்டிமன்றம், பொங்கல் வெளியீட்டுப் படம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கிராமத்துக் களத்துமேட்டு விழா மொழி பேசும் அனைவருக்குமான நாளாகப் பெருத்தது. 1971இல் அரசு நாட்குறிப்பிலும் 1972இல் அரசிதழிலும் திருவள்ளுவர் ஆண்டு ஏறியது. தை இரண்டு திருவள்ளுவர் நாள், தை மூன்று உழவர் திருநாள்.

பழமையானதா, புதியதா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். பானை பழையது, அதன்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டு புதியது. மரபுகள் உருவாக்கப்படுகின்றன என்று எரிக் ஹாப்ஸ்பாம் 1983இல் தொகுத்த நூலுக்குப் பிறகு ஆய்வுலகில் இது அதிர்ச்சிச் செய்தியும் இல்லை. உருவாக்கப்பட்டது என்பதாலேயே ஒரு விழா பொய்யாகிவிடாது. அப்படிப் பார்த்தால் எந்த விழா தேறும்?

சிக்கல் வந்தது, அரசு ஒரு படி மேலே போனபோது. 2008 பிப்ரவரி 1இல் கருணாநிதி அரசு, தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றியது. 2011 ஆகஸ்ட் 23இல் ஜெயலலிதா அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்து சித்திரைக்கே திருப்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேடிக்கைக்குக் குறைவில்லை. ஏப்ரல் 14க்கு விடுமுறை உண்டு, புத்தாண்டு என்று சொல்லக் கூடாது. தொலைக்காட்சியில் ‘சித்திரைத் திருநாள் சிறப்பு நிகழ்ச்சிகள்’ என்று அறிவித்தார்கள். கோயில்களில் பஞ்சாங்கம் வாசிப்பது எப்போதும்போல் நடந்தது.

இரு தரப்பும் வானத்தையும் சங்க இலக்கியத்தையும் சாட்சிக்கு அழைத்தன. சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று தைக்காரர்கள் சொன்னார்கள். மேட ராசியில் நுழையும் நாள், ஆட்டைத் தலையாகக் கொண்ட ராசி வரிசை நெடுநல்வாடையிலேயே இருக்கிறது என்று சித்திரைக்காரர்கள் சொன்னார்கள். வானியல்படி இரண்டும் விலகிப்போய்விட்ட கணக்கு. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். பகலும் இரவும் சமமாவது மார்ச் 20 அல்லது 21இல். புவியச்சின் மெல்லிய சுழற்சியால் நம் இரு தேதிகளுமே ஏறத்தாழ மூன்றரை வாரம் பின்தங்கிவிட்டன. அறுபதாண்டு வட்டத்தின் பிரபவ, விபவ என்ற பெயர்கள் தமிழல்ல, தொடர்ந்து எண்ணவும் உதவாது என்ற குறை நியாயமானது. அதற்கு மருந்து ஆண்டுக் கணக்கை மாற்றுவது. வீட்டில் வேப்பம்பூப் பச்சடி வைக்கும் நாளைச் சட்டத்தால் நகர்த்துவது அன்று. அந்தச் சட்டம் தவறு என்பதே என் கருத்து. சட்டத்தால் வந்தது சட்டத்தால் போயிற்று. குவான்சாவுக்கு அமெரிக்கச் சட்டமன்றம் எதுவும் கட்டாய அந்தஸ்து தரவில்லை, எவராலும் ரத்து செய்யவும் முடியவில்லை.

மதப் பிரச்சினையைத் தோல் பகுதியில் இருந்துகொண்டு பேசாமல் போக முடியாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் தொழிலைக் கட்டியெழுப்பிய முதலாளிகளில் முஸ்லிம்கள் முன்வரிசையில் இருந்தவர்கள். தொழிலாளரில் ஆதிதிராவிடர்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள், பிற சாதியினர் எல்லோரும் உண்டு. பொங்கலுக்கு மதமில்லை என்று மேடையில் சொல்லிவிடலாம். ஆனால் பானை சூரியனைப் பார்த்துத்தான் வைக்கப்படுகிறது, கற்பூரமும் ஏற்றுகிறார்கள். படைத்ததை உண்பதில் முஸ்லிம் மார்க்க அறிஞர்களுக்கு ஆட்சேபம் உண்டு. கரும்பை வாங்கிக்கொள்ளலாம், பொங்கலை எப்படி என்று தயங்கும் வீட்டைத் தமிழுணர்வு இல்லாத வீடு என்று சொல்வது அடாவடி. கறுப்பினத் திருச்சபைக்காரரின் தயக்கமும் இதே வகைதான்.

கிறிஸ்தவர்கள் இரண்டு வழி கண்டார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கர் பலர் கோயில் வளாகத்திலேயே பானை வைத்து, திருப்பலியோடு பொங்கலைச் சேர்த்துக்கொண்டார்கள். சி.எஸ்.ஐ. சபைகளில் வேறொரு வழக்கம் ஏற்கெனவே இருந்தது: அறுப்பின் பண்டிகை. ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கிய காலத்திலிருந்து கிறிஸ்தவம் ஊன்றிய இந்த வட்டாரத்தில் அதைக் காணலாம். விவிலியத்தில் வரும் முதற்பலன் காணிக்கையின் தொடர்ச்சி அது. சுரைக்காய், பூசணி, வாழைத்தார், நாட்டுக்கோழி, தேங்காய் எல்லாம் பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். இருபது ரூபாய்ப் பூசணி இருநூறுக்குப் போகும். எடுத்தவரே மறுபடி சபைக்குக் கொடுக்க, திரும்பவும் ஏலம் தொடங்கும். கொண்டு வந்தவர்களில் தோட்டம் உள்ளவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். காலையில் சந்தையில் வாங்கி வந்த காய்க்கும் அங்கே இடமுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுப் பாயில் கிடக்கும் கடைச் சோளக்கதிரும் அந்தப் பூசணியும் ஒரே இனம்.

இனி மாட்டுப் பொங்கல். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் கயிறும் சலங்கையும் வாங்கிப்போய்க் கொம்புக்கு வண்ணம் பூசுகிற வீடுகளும், மாட்டுத் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து இழுத்துப் போடுகிற கைகளும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மாடு ஒருவருக்கு லட்சுமி, இன்னொருவருக்குக் கூலி, மூன்றாமவருக்கு உணவு. தை பிறந்ததும் இந்தப் பகுதியில் தொடங்கும் எருது விடும் விழா, மதுரைப் பக்கத்து ஏறுதழுவுதல் போன்றதன்று. தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி எருதை ஓடவிட்டு, குறித்த தூரத்தைக் கடக்க எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 மெரினா போராட்டம், பிறகு மாநிலத் திருத்தச் சட்டம், 2023 மே மாதத்தில் அரசியல் சாசன அமர்வின் ஒப்புதல் என்று ஜல்லிக்கட்டு வழக்கு போன பாதை தெரிந்ததே. மெரினாவில் பேசாத ஒரு கேள்வி தெருவில் மிச்சமிருக்கிறது: எருது யாருடையது, அது ஓடும் தெரு யாருடையது?

தமிழர் திருநாள் என்ற பெயருக்குள் ஊரும் காலனியும் ஒன்றாக அடங்கிவிடுமா என்ற ஐயம் புதிதல்ல. பெரியாருக்கு முன்பே ஒருவர் பண்டிகைகள் அத்தனையையும் எடுத்து உலுக்கிப் பார்த்தார். அயோத்திதாசர் 1898இல் கொழும்பில் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்படுகிறவர்கள் பூர்வ பௌத்தர்கள், அவர்களுடைய விழாக்களைத்தான் பிறர் கைப்பற்றிக் கதை மாற்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம். தீபாவளி, நல்லெண்ணெயின் பயனைப் பௌத்த மடத்தார் கண்டறிந்து மக்களுக்கு அறிவித்த நாள். கார்த்திகை, ஆமணக்கெண்ணெய் விளக்கின் நாள். சங்கராந்தி, சங்கரர் என்ற புத்தரின் அந்திம நாள். மொழியியலாளர் இந்தச் சொல்லாராய்ச்சியில் பலவற்றை ஏற்கமாட்டார்கள், நானும் ஏற்கவில்லை. ஆனால் அவர் செய்த வேலை எது என்று பார்க்க வேண்டும். கரெங்காவுக்கு அறுபதாண்டு முன்னால், பண்டிகை இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஆண்டு முழுதுக்குமான நாட்காட்டியையே எழுதிக் கொடுத்தார். புதிதாக ஒரு விழாவைத் தொடங்காமல், இருக்கிற விழாக்களுக்கு உரிமை கோரினார்.

இதற்கும் பாலாற்றுக்கும் தொடர்பு உண்டு. வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். திருப்பத்தூரில் அதே சிந்தனையோடு ஏ.பி. பெரியசாமிப் புலவர் இருந்தார். தங்கவயலுக்கும் திருப்பத்தூருக்கும் ஆம்பூருக்கும் இடையே உறவுமுறைப் போக்குவரத்தோடு இந்தச் சிந்தனையும் ரயிலேறி வந்தது. அயோத்திதாசரின் எழுத்துகளை 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்த பிறகுதான் மற்றத் தமிழுலகம் அவரைப் படித்தது.

அயோத்திதாசரின் நாட்காட்டி பரவவில்லை. அதே மக்களிடம் இன்று கொடிகட்டிப் பறப்பது ஏப்ரல் 14. வேலூர், திருப்பத்தூர் மாவட்டக் காலனிகளில் அம்பேத்கர் பிறந்தநாளன்று நீலக்கொடி, சிலைக்கு மாலை, பறை, பிரியாணி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று தெருவே விழாக்கோலம் பூணும். சித்திரை ஒன்று பெரும்பாலும் அதே நாளில் வருவதால், ஒரே காலையில் ஊருக்குள் பஞ்சாங்கமும் காலனியில் அரசியல் சாசனமும் வாசிக்கப்படும். 2022இல் தமிழக அரசு அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்தது. தைக்கும் சித்திரைக்கும் நடந்த சண்டையில் இரு தரப்பும் கவனிக்காமல் விட்டது, அந்த ஏப்ரல் நாளுக்கு மூன்றாவதாக ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதை. அந்த விழாவை எந்தப் பேராசிரியரும் வடிவமைக்கவில்லை. நாக்பூரில் 1956இல் அம்பேத்கர் விஜயதசமி நாளைத் தேர்ந்து பௌத்தம் தழுவியதில் திட்டம் இருந்தது. பிறந்தநாள் விழாவோ தெருவில் தானாக வளர்ந்தது.

அதிகாரிகள் விழா வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 2022 மே 13 முதல் 15 வரை ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் என்று விளம்பரம். பட்டியலில் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. ஆம்பூரில்! எதிர்ப்புக் கிளம்பியது. திடலுக்கு வெளியே மாட்டுக்கறி பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட அமைப்புகள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டி விழாவை ஒத்திவைத்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், இது பாகுபாடு ஆகாதா என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. எல்லோருக்கும் பொதுவான விழா என்று யாராவது சொன்னால், இலையில் எது வைக்கப்படவில்லை என்று பார்க்க வேண்டும் என்பதை நான் அந்தச் சம்பவத்தில்தான் கற்றேன்.

கடல் கடந்தால் கேள்வி மாறுகிறது. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து பெருமளவில் கனடா போன தமிழர்கள் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்கச் செய்தார்கள். ஒன்டாரியோ 2014இல் சட்டம் இயற்றியது, கனடிய நாடாளுமன்றம் 2016 அக்டோபரில் தீர்மானம் நிறைவேற்றியது. டொரொன்டோவில் பனி கொட்டும் மாதத்தில் மின்னடுப்பில் பொங்குகிற பால் எந்த வயலுக்கும் கடன்பட்டதன்று. அங்கே பொங்கல் பிள்ளைகளுக்குத் தாங்கள் யார் என்று சொல்ல ஒரு நாள், அவ்வளவே. இலங்கையில் சித்திரையைத் தமிழரும் சிங்களரும் சேர்ந்து புத்தாண்டாகக் கொண்டாடிப் பழகியதால், தை-சித்திரைச் சண்டையை ஈழத்தமிழர் பலர் தமிழ்நாட்டு உள்கட்சிச் சண்டையாகத்தான் பார்த்தார்கள்.

குவான்சா ஏன் நிலைத்தது என்பதைப் பலவாறு விளக்கியிருக்கிறார்கள். வரலாற்றாசிரியர் கீத் மேயஸ் அதைக் கறுப்பு ஆற்றல் இயக்கத்தின் நீட்சியாகப் படிக்கிறார். என் விளக்கம் இன்னும் மண்ணோடு ஒட்டியது: கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் பலருக்கும் லீவு. புது விழாவுக்குத் தனியாக விடுப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அயோத்திதாசரின் நாட்காட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. தீபாவளி தோல் பகுதியில் பெரும் பண்டிகையாக இருப்பதிலும் கடவுளைவிடக் கணக்குப் புத்தகத்தின் பங்கு பெரியதாக இருக்கலாம். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்துக்குள் குறைந்தது 8.33 சதவீதம், மிஞ்சிப்போனால் 20 சதவீதம் தரச் சொன்னது. மார்ச் 31இலிருந்து எண்ணினால் கெடு நவம்பர் 30. போனஸ் தீபாவளியோடு ஒட்டிக்கொண்டதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டுமா? புதுத்துணியும் பட்டாசும் அந்தப் பணத்தில் வருகின்றன. நரகாசுரனை நம்பாதவரும் போனஸை நம்புகிறார்.

அதனால்தான் பண்டிகைகளைப் பற்றிய உண்மையான தகராறு மேடையிலோ சட்டமன்றத்திலோ இல்லை, கம்பெனி நோட்டீஸ் போர்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 1958இல் வந்த தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கில் பேச்சுக்கு இடமில்லை. மீதி ஐந்து பண்டிகைகளுக்கு. தை ஒன்று, தீபாவளி, ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் என்று எழுதிப் பாருங்கள், ஐந்தும் தீர்ந்துவிட்டன. மாட்டுப் பொங்கல் வெளியே நிற்கிறது. மெஷினுக்குப் பொட்டு வைக்கும் ஆயுத பூஜை வெளியே நிற்கிறது. சித்திரை ஒன்றும் அம்பேத்கர் பிறந்தநாளும் பெரும்பாலும் ஒரே நாள் என்பதால் ஒரே லீவில் இரண்டு தரப்புக்கும் உதவும்; ஆனால் அதற்கு எதையாவது எடுக்க வேண்டும். எதை எடுப்பது? இந்தக் கேள்விக்கு முன் தமிழர் திருநாள் என்ற பெருஞ்சொல்லும் பூர்வ பௌத்தமும் மார்க்கமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கின்றன. ஷூவின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் அடுத்தடுத்து உட்காரும் நான்கு பெண்கள் நான்கு விதமான பட்டியல் சொல்லக்கூடும்.

அந்த ஐந்து நாட்களை முதலாளி தனியாக முடிவு செய்யச் சட்டம் விடவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து பேசித்தான் தொழிலாளர் துறை ஆய்வாளர் குறிக்க வேண்டும் என்பது அதன் வாசகத்தின் பொருள். பள்ளிகொண்டாவிலும் ஆம்பூரிலும் வேலைக்குப் போகிற வாசகர்கள், அடுத்த ஆண்டுப் பட்டியல் போர்டில் ஏறுமுன் உங்களை யாராவது கேட்டார்களா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.